வெள்ளை அம்பாசிடரில் பழுப்புப் புள்ளிகள்

மூன்று வாளித் தண்ணீர் ஊற்றியும் புள்ளிகள் போகவில்லை.

கிரிதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். தூசியும் சோப்பு நுரையும் வழிந்து சந்துச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. வெள்ளை அம்பாசிடரின் பானட்டில் மட்டும், வறுத்த ரவையை யாரோ அள்ளித் தூவினாற்போல நூற்றுக்கணக்கில் பழுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினான்; நகம்தான் தேய்ந்தது. உள்ளங்கையால் தடவினான். இரண்டு நாள் சவரம் செய்யாத கன்னத்தைத் தடவியதுபோல் சொரசொரத்தது.

"கனகா, இங்க கொஞ்சம் வா."

"மாவு அரைச்சுக்கிட்டிருக்கேன்."

"மாவு கிடக்கட்டும். நீ வா."

கனகலட்சுமி மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். பானட்டைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு படபடவென்று பேசினாள். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் பாதிக் காரம் குறைந்துவிடும். மீதி இவ்வளவு:

"எங்கப்பா வண்டிய என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவள் அப்பா ராதாகிருஷ்ணன் திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவருக்கு நான்கு பெண்கள், நான்கு மாப்பிள்ளைகள், ஒரு அம்பாசிடர். இதில் எதன்மேல் பிரியம் அதிகம் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை, கேட்காமலே தெரிந்தது. பெண்களின் கல்யாணத்தின்போது கண் கலங்காத மனிதர், அம்பாசிடரின் கதவில் ஒரு ஆட்டோ உரசியபோது ஒருவேளை சாப்பிடாமல் இருந்தார்.

மாப்பிள்ளைகளில் மூத்தவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். அடுத்தவருக்குக் கீழவாசலில் பட்டுக்கடை. மூன்றாமவர் வெங்கடேஷ்பாபு, வங்கி அதிகாரி, கே.கே. நகரில் சொந்த வீடு. கடைக்குட்டி மாப்பிள்ளை கிரிதரன் செல்லூரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பண்டிகை விருந்துகளில் மாமனார் மூத்தவரிடம் பாலங்களைப் பற்றிக் கேட்பார். அடுத்தவரிடம் பட்டு விலை கேட்பார். வெங்கடேஷ்பாபுவிடம் நாட்டு நடப்பு கேட்பார். கிரிதரன் பக்கம் திரும்பி, "சோறு போடவா?" என்பார். ஆறு வருடத்தில் அவர் இவனிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அப்படிப்பட்ட மனிதர், போன வாரம் போன் செய்தார். அது தொண்ணூற்றாறாம் வருடம். செல்லூரின் அந்தச் சந்துக்கே போன் ஒன்றுதான். அதுவும் பக்கத்து கிரில் பட்டறையில், உக்கிரபாண்டியின் மேஜையில், எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. சந்தில் இருந்த பதினோரு குடும்பமும் கல்யாணப் பத்திரிகையிலும் விண்ணப்பத்திலும் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதிக்கொள்ளும். யாருக்குப் போன் வந்தாலும் உக்கிரபாண்டி மெஷினை நிறுத்திவிட்டுச் சந்து முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார். அந்த ஆள் பேசி முடிக்கும்வரை மெஷினைப் போடமாட்டார். சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்பதற்காக என்று சொல்லிக்கொள்வார்.

"மாப்ளே, புரட்டாசி சனிக்கிழமைக்கு அழகர்கோயில் போறீங்களாமே? பேத்தியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல எதுக்கு இடிபடணும்? நம்ம வண்டிய எடுத்துக்கோங்க."

கிரிதரன் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். "அம்பாசிடரையா மாமா?"

"பின்ன, ஆகாய விமானத்தையா? வந்து எடுத்துட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருமங்கலம் போனான். மாமனார் வீடு ரயில் பாதையை ஒட்டியது. பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதில் அம்பாசிடர் நின்றது. மேலே கனமாகத் தூசி படிந்து, வெள்ளை வண்டியா சந்தன நிற வண்டியா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"கழுவ ஆளு வரல. நீங்க கழுவிக்கோங்க," என்றார் மாமனார், சாவியைக் கையில் வைத்தபடி. "அவசரமில்ல. ஆயுத பூஜைக்கு மொத நாள் கொண்டாந்தாப் போதும். பொட்டு வைக்கணும்ல?"

"கோயிலுக்குப் போயிட்டு மறுநாளே கொண்டாந்துர்றேன் மாமா."

"அட, எதுக்குங்கறேன்? வச்சு ஓட்டுங்க. நம்ம வண்டிதான? ஆனா..." அப்போது ஒரு கூட்ஸ் வண்டி ஸ்டேஷனுக்காக பிரேக் போட்டுக்கொண்டு கிறீச்சென்று போனது. முடியும்வரை மாமனார் காத்திருந்தார். "ஆனா, வரும்போது ஒரு புள்ளி இருக்கக் கூடாது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்கீப்பர் தவசி வண்டிக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"கடக்குட்டி மாப்ளயா?"

"ஆமாண்ணே."

"நல்லது, நல்லது. பாத்துப் பதனமாப் போங்க," என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கடைக்குட்டி மாப்பிள்ளைக்கும் ஒரு காலம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று கிரிதரன் எடுத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமையை அவன் வீட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். சந்துக்குள் கார் திரும்பாது. பத்துப் பேர் கூடி, "லெப்ட்ல ஒடி, ரைட்ல ஒடி," என்று ஆளுக்கொன்று கத்தி வெளியே எடுத்துவிட்டார்கள். நான்கு வயது ஸ்வப்னா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் கை காட்டினாள். தெரிந்தவர்கள் தீர்ந்ததும் தெரியாதவர்களுக்கும் காட்டினாள். கனகா முன் சீட்டில் மல்லிகைப்பூவோடு உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அழகர்கோயில் ரோட்டில் புளியமரங்களுக்குக் கீழே வண்டி நாற்பதில் போனது. அதற்குமேல் ஓட்டக் கிரிதரனுக்குத் தைரியம் இல்லை. ஸ்வப்னா இப்போது பெங்களூரில் சொந்தக் கார் ஓட்டுகிறாள். அழகர்கோயில் என்றால் அவளுக்குப் பெருமாள் ஞாபகம் வருவதில்லை, அந்த அம்பாசிடர் சீட்டின் ரெக்ஸின் வாசனைதான் வருகிறது.

மத்தியானம் திரும்பி வந்து வண்டியைப் பட்டறைக்கு எதிரில் நிறுத்தினான். உள்ளே உக்கிரபாண்டி ஒரு பெரிய கேட்டுக்கு இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி வாசல் வரைக்கும் பூவாகப் பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவினான். புள்ளிகள்.

"அப்பாகிட்டச் சொல்லிறலாமா?" என்றாள் கனகா. காரம் இறங்கியிருந்தது.

"ஆறு வருசத்துல இப்பத்தான் நம்பி ஒண்ணு குடுத்திருக்காரு கனகா. புள்ளியோட கொண்டுபோய் விட்டா இனிமே சோறு போடவான்னுகூடக் கேக்க மாட்டாரு."

அவளுக்கும் அது தெரியும். அக்காமார் மூவரின் முன்னால் அவள் எத்தனை தடவை தலையைக் குனிந்து பாயசம் பரிமாறியிருக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும்.

கிரிதரன் நேராகப் பட்டறைக்குள் போனான். "அண்ணே, என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க."

உக்கிரபாண்டி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். "இது என் பொறி இல்ல."

"பின்ன யாரு பொறி?"

"என் பொறி நாலடி தாண்டாதுண்ணே. இருபது வருசமா அறுக்குறேன். நம்ம பொறி எம்புட்டுத் தூரம் போகும்னு நமக்குத் தெரியாதா?"

"அப்ப இரும்பு எங்கருந்து வந்துச்சு? வானத்துலருந்தா?"

உக்கிரபாண்டி யோசித்தார். தப்பு தன்னுடையது இல்லை என்றாலும் மாமனார் விஷயம் என்பது அவருக்குப் புரிந்தது. போனில் பேசியதை முழுதும் கேட்டவர் அவர்தானே. "சரி விடுங்க. இரும்புதான? ஒரு நிமிசத்துல எடுத்துருவோம்."

உள்ளே போய், ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்தார். "தேவையில்லாத இரும்பெல்லாம் இது கூப்பிட்டா ஓடி வந்துரும்," என்று பானட்டில் வைத்து ஒரு இழு இழுத்தார்.

புள்ளி ஒன்றுகூட வரவில்லை. பட்டறைத் தரையில் கிடந்தபோதே காந்தத்தின் அடியில் ஒட்டியிருந்த இரும்புத் தூள் மட்டும் தன் வேலையைச் செய்திருந்தது. பானட்டின் குறுக்கே ஒரு முழ நீளத்துக்குப் பிறை வடிவில் கீறல் விழுந்திருந்தது.

உக்கிரபாண்டி காந்தத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தைத் துடைத்தார்.

"காந்தம் நல்ல காந்தம்ணே," என்றார் உக்கிரபாண்டி.

திங்கட்கிழமை கனகா தன் யோசனையைச் சொன்னாள். நவராத்திரிக்குக் குத்துவிளக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "எம்புட்டுக் கறுத்த பித்தளையா இருந்தாலும் புளி போட்டுத் தேச்சா மின்னுது. இந்தப் புள்ளி எம்மாத்திரம்?"

"இது பெயிண்ட்டும்மா."

"ஓரமா ஒரு சாண் இடத்துல தேச்சுப் பாப்போம்."

ஒரு சாண் என்று ஆரம்பித்தது. புளியோடு உப்பையும் சேர்த்தாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். புள்ளிகள் கொஞ்சம் வெளுத்தாற்போலத் தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது புள்ளிகள் திரும்பவும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றி முறம் அளவுக்குப் பானட் பளபளப்பு செத்து, சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஆகியிருந்தது.

"விளக்கு மட்டும் நல்லா வந்திருக்கு," என்றான் கிரிதரன்.

அன்றைக்கு மதியம் அவள் குழம்பில் புளி கரைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

புதன்கிழமை போன் வந்தது. உக்கிரபாண்டி வழக்கம்போலக் கத்திக் கூப்பிட்டார். ஆனால் வழக்கத்துக்கு மாறாகக் கிரிதரனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாப்ளே, வண்டி எப்படி?"

"நல்லா ஓடுது மாமா."

"ஓடும் ஓடும். மேல எப்படி?"

கிரிதரனுக்கு வியர்த்தது. "மேலயும்... நல்லா இருக்கு மாமா."

"வெள்ளை வண்டி மாப்ளே. வெள்ளையா இருந்தாத்தான் அதுக்கு மரியாதை. அவசரமில்ல, சாவகாசமாச் செஞ்சு கொண்டாங்க."

போனை வைத்த பிறகுதான், எதைச் சாவகாசமாகச் செய்யச் சொன்னார் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் கீறலின் ஞாபகம் வந்து, அந்த யோசனையை அடித்துக்கொண்டு போய்விட்டது.

சங்கத்தின் சாயப்பட்டறை மேஸ்திரி சுருளிதான் மூன்றாவது வைத்தியர். வெள்ளை வேட்டியில் துருக்கறை பட்டால் அவர் ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்துத் தொட்டு வைப்பார்; கறை காணாமல் போகும். ஆக்சாலிக் என்று பெயர். "துருன்னா துருதான். வேட்டியில இருந்தா என்ன, வண்டியில இருந்தா என்ன?" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "நெழல்ல வச்சுச் செய்யுங்க. காய விட்ராதீங்க. கையில உறை போட்டுக்கோங்க."

கிரிதரன் கையில் உறை போட்டுக்கொண்டான். வண்டியின் இடது கதவில் தொட்டு வைத்தான். கண் முன்னாலேயே புள்ளிகள் கரைந்தன. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கனகாவைக் கூப்பிட்டுக் காட்டினான். உக்கிரபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினான். உக்கிரபாண்டி தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் பார்த்துப் பாராட்டி, டீ வரவழைத்துக் குடித்து முடித்தபோது, சந்தின் ஒரே வெயில் துண்டு நகர்ந்து வந்து சரியாக அந்தக் கதவின்மேல் உட்கார்ந்திருந்தது. மருந்து காய்ந்துபோய், கதவு அழுததுபோலக் கோடுகோடாகக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோடுகள் எந்தத் தண்ணீருக்கும் அசையவில்லை.

ஆயுத பூஜைக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. கிரிதரன் கடைசி ஆயுதமாக ஒரு கட்டு உப்புத்தாள் வாங்கி டிக்கியில் வைத்தான். ஆனால் எடுக்கக் கை வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனான்.

சகலை வெங்கடேஷ்பாபு வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிரிதரன் சொல்லச் சொல்லப் பேப்பர் மெல்ல மெல்ல மடிக்கு இறங்கியது.

"அம்பாசிடரா?" என்றார்.

"ஆமாண்ணா."

"பழுப்புப் புள்ளி."

"ஆமாண்ணா. நானே கெடுத்துட்டேன். பட்டறைக்கு எதுத்தாப்புல நிறுத்தினது என் தப்பு."

வெங்கடேஷ்பாபு எழுந்து போய்ச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பேப்பரின் ஓரத்தைக் கிழித்து, டைரி எதையும் புரட்டாமல், ஒரு விலாசத்தைக் கடகடவென்று எழுதினார்.

"கோரிப்பாளையத்துல சேக் இஸ்மாயில்னு ஒரு பெயிண்டர். அவர்கிட்ட விடு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. என் வீட்டுக்காரிகிட்ட கண்டிப்பாச் சொல்லாத."

வங்கி அதிகாரிக்கு எல்லா விலாசமும் தெரிந்திருக்கிறது என்று கிரிதரன் வியந்தான். அவனுக்கு அவர்மேல் எப்போதும் கொஞ்சம் பொறாமை உண்டு. அன்றைக்கு அது போய்விட்டது.

சேக் இஸ்மாயில் பாயின் ஷெட் ஒரு வேப்பமரத்தின் கீழே இருந்தது. பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. பானட்டின் பிறைக் கீறலைத் தொட்டார்.

"இது?"

"காந்தம், பாய்."

சுண்ணாம்புத் திட்டைத் தொட்டார். "இது?"

"புளி."

"வண்டிக்குக் கொழம்பு வச்சீங்களா? சரி, இந்தக் கதவு ஏன் அழுகுது?"

"சாயப்பட்டறைப் பொடி."

"மருந்து சரியான மருந்துதான். செஞ்ச விதம்தான் தப்பு. அல்லா காப்பாத்துனான், உப்புத்தாளு போட்டுத் தேய்க்காம விட்டீங்களே."

கிரிதரன் தலையைக் குனிந்தான். "டிக்கியில இருக்கு பாய்."

பாய் டிக்கியைத் திறந்து, உப்புத்தாள் கட்டை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, பானட்டை மெதுவாகத் தடவினார். கிரிதரனையும் அப்படித் தடவச் சொன்னார். பைக்குள்ளிருந்து தடவியபோது சொரசொரப்பு பத்து மடங்காகத் தெரிந்தது. கண்ணுக்குப் படாத இடத்திலெல்லாம் முள் இருந்தது.

"பூரா இரும்பு," என்றார் பாய். "பொடிப்பொடியா, சூடா வந்து பெயிண்ட்டுல குத்தி உக்காந்திருக்கு. பனி பட்டுத் துருப்பிடிச்சு வெளிய தலையக் காட்டுது. கண்டவங்க இதுக்கு மேலயே பாலிஷப் போட்டுருவாங்க. போட்டா என்ன ஆகும்? இரும்பு துணியில ஏறிக்கும். துணி போற இடமெல்லாம் கோடு. மொதல்ல இரும்பு, அப்புறம்தான் பாலிஷ்."

"எல்லாம் அந்த ஒரு நாள்ல வந்தது பாய். எதுத்தாப்புல கேட் அறுத்தாங்க."

"ஒரு நாள்ல ஏறுனதா இது? வருசத்து இரும்பு தம்பி."

கிரிதரனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. முன்பின் தெரியாத மனிதர், தனக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பொய்கூடச் சொல்கிறாரே என்று நினைத்தான்.

அடுத்த நாள் அவன் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு ஷெட்டிலேயே கிடந்தான். பாய் வண்டியை மரநிழலில் விட்டு, இரும்புத் தகடு குளிரும்வரை காத்திருந்தார். அதே பொடியைத்தான் லேசாகக் கரைத்தார். ஒரு சமயத்துக்கு ஒரு முறம் இடம், அதற்குமேல் தொடவில்லை. தொட்டு, எண்ணி, காயும் முன்னே கழுவி, அடுத்த இடம். மூலையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாய் வீட்டிலிருந்து இரண்டு தடவை டீ வந்தது. புள்ளிகள் கூட்டம் கூட்டமாக விடைபெற்றுப் போவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது கிரிதரனுக்குச் சுகமாக இருந்தது. வேலை தெரிந்தவன் வேலை செய்வதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க வாழ்க்கையில் எத்தனை பகல் வாய்க்கும்?

மருந்துக்குக் கரையாமல் மிஞ்சியதை எடுக்க, பாய் பீரோவைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே நீலக் களிமண் போல ஒரு கட்டி இருந்தது.

"சோப்பா பாய்?"

"ஷார்ஜாவுலருந்து மச்சான் கொண்டாந்தான். அங்க காருக்கெல்லாம் இததான் தேய்க்கிறாங்களாம். இந்த வருசம்தான் வந்துச்சு. மதுரையில வேற எவன்கிட்டயும் இல்ல."

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, அந்தக் கட்டியை வட்டமாக்கி, அழுத்தாமல் வழுக்கி விட்டார். திருப்பிக் காட்டினார். நீலத்தில் மிளகுத் தூள்போல இரும்பு ஒட்டியிருந்தது. அதை உள்ளே மடித்துப் பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே எடுத்து, மறுபடி வழுக்கினார்.

"பாய், நான் கொஞ்சம் தேய்க்கட்டுமா?"

"வேணாம் தம்பி."

"என் மாமனார் வண்டி பாய். என் கையால ஒரு கதவாச்சும்."

பாய்க்கும் மாமனார் உண்டு. கொடுத்தார்.

கிரிதரன் வாங்கினான். சோப்புத் தண்ணீரில் நனைந்த கட்டி, பிடித்த பிடியிலிருந்து வழுக்கி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, ஷெட்டின் மணல் தரையில் விழுந்தது. இவன் பதறிப்போய்க் குனிந்தான். குனிந்த வேகத்தில் காலாலேயே மிதித்தான்.

ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பாய் கட்டியை எடுத்துப் பார்த்தார். மதுரையில் வேறு யாரிடமும் இல்லாத அந்தக் களிமண்ணில் கோரிப்பாளையத்து மணல் முழுவதும் இருந்தது. மணலோடு தேய்த்தால் அது உப்புத்தாளுக்குச் சமம். அவர் திட்டவில்லை. கத்தியால் அழுக்கான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, எலுமிச்சங்காய் அளவுக்கு மிஞ்சியதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி."

"பாய்."

"ஸ்டூலு அங்க இருக்கு."

எலுமிச்சங்காய் அளவை வைத்தே மறுநாள் மத்தியானத்துக்குள் முழு வண்டியையும் முடித்தார். பிறகு கீறலைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்ட் பசை, அதற்குப் பிறகு பாலிஷ். பிறைக் கீறலும் புளித் திட்டும் கதவின் கண்ணீரும் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் பாலிதீன் பையை மாட்டித் தடவிப் பார்த்தான் கிரிதரன். கண்ணாடியைத் தடவியதுபோல் இருந்தது. பானட்டில் வேப்பமரம் தலைகீழாகத் தெரிந்தது. பக்கத்தில் அவன் முகமும் தெரிந்தது. சந்தோஷமான முகமாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் கனகாவையும் ஸ்வப்னாவையும் ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போனான். முன்னால் லாரி போனால் அரை மைல் தள்ளியே போனான். மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி சுற்றினார். பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்தார். கிரிதரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பொறுப்பான ஆளு மாப்ளே நீங்க," என்றார்.

கனகா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொலு பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று பிறகு சொன்னாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் மாமனார் தன் பக்கத்து இலையில் அவனை உட்கார வைத்தார். வடையை அவரே எடுத்து வைத்தார். பாதிச் சாப்பாட்டில் இவன் பக்கம் திரும்பி, "சங்கத்துல இந்த வருசம் வேட்டியெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். ஆறு வருடம் காத்திருந்த கேள்வி. கிரிதரனுக்குப் பதில் எல்லாம் தெரியும். ஆனாலும் "நல்லாப் போகுது மாமா," என்று மட்டும் சொன்னான்.

பண்டிகைக்குக் கனகாவும் குழந்தையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவன் சங்கத்தில் பூஜை வேலை இருந்ததால் பஸ் பிடிக்கக் கிளம்பினான். நடை மிதந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. தூத்துக்குடி வண்டி ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்ததால், பிரேக் போட்டு, பல் கூச, கிறீச்சென்று கடந்து போனது. தண்டவாளத்திலிருந்து ஒரு செந்தூசி எழும்பி, காற்றோடு மாமனாரின் தகரக் கொட்டகைப் பக்கமாகச் சாவகாசமாகப் போனது.

கேட்கீப்பர் தவசி பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "காலையில வண்டி போனதப் பாத்தேன். பளபளன்னு போச்சு. புள்ளி பூராத்தையும் எடுத்துட்டீகளா?"

கிரிதரன் நின்றான். "எந்தப் புள்ளி?"

"இந்த இரும்புப் புள்ளிதான். எல்லா ரயிலும் இங்கதான பிரேக்கப் போடுது? என் வேட்டியக்கூட இந்தப் பக்கம் காயப்போட முடியல, பழுப்பாயிருது. வருசம் பூராம் அந்தக் கொட்டகையில நின்னா வண்டி என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப... நான் எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

தவசி கேட்டைத் தூக்கிவிட்டு, அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கையில அய்யாவுக்கு வருசா வருசம் ஒரு மாப்ள மேல பாசம் பொங்கிரும்ணே; ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் கழுவுன நாலு மாப்ளையில நீங்கதான் சுத்தமாக் கழுவியிருக்கீக."